வண்டியை ஓரம் கட்டுங்க

காலை எட்டு மணி. பெங்களூர் ஒசூர் சாலை. சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரே புகை. ஒரே ஹாரன் சத்தம்.

கூட்டத்தின் நடுவே ஒரு மொபெட். ஓட்டுபவர் ஒரு கொத்தனார். பின்னால் அவர் மனைவி. அவர் சித்தாள் வேலை செய்கிறார். இருவரும் திருவண்ணாமலைப் பக்கம். பிழைப்புத் தேடி பெங்களூருக்கு வந்து பல வருடம் ஆகிறது. கால் வைக்கும் இடத்தில் ஒரு பை. பைக்குள் கரண்டி, மட்டப்பலகை, தூக்குவாளியில் சாப்பாடு.

கொத்தனார் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. மனைவி தலையில் இல்லை. முந்தானையைத்தான் தலையில் சுற்றியிருக்கிறார்.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் வெள்ளைச் சட்டையும் காக்கி பேண்ட்டும் தெரிந்தன.

"ஏங்க, போலீஸ் நிக்கிறாங்க."

"பார்த்துட்டேன். கெட்டியா பிடிச்சுக்கோ. அந்தச் சந்துல திருப்பிடறேன்."

"அது ஒன்வேங்க!"

சந்தின் மறுமுனையிலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

கதை இங்கே கொஞ்சம் நிற்கட்டும். கொத்தனார் ஏன் சந்துக்குள் திருப்பப் பார்த்தார்? அவர் திருடன் இல்லை. லைசென்ஸ் இருக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனாலும் பயம். ஐந்நூறு ரூபாய் போய்விடுமே என்ற பயம். நாலு பேர் நடுவில் திட்டுவார்களே என்ற பயம். சாவியைப் பிடுங்கிக்கொள்வார்களே என்ற பயம். பாஷை தெரியாத ஊரில் இந்தப் பயம் இரண்டு மடங்கு ஆகிறது.

இதுவரை படித்தது கதை. இனிப் படிப்பது உண்மையில் நடந்தது.

மண்டியாவில் ஒரு நாள்

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் மண்டியா இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். 2025-ம் ஆண்டு மே மாதம் 26-ம் தேதி. பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தையை நாய் கடித்துவிட்டது. குழந்தைக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் மண்டியா ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

வழியில் போக்குவரத்துப் போலீசார் ஹெல்மெட் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். பைக்கை நிறுத்த முயன்றார்கள். பைக் தடுமாறியது. குழந்தை சாலையில் விழுந்தது. பின்னால் வந்த வண்டி குழந்தை மேல் ஏறியது. குழந்தை அங்கேயே இறந்துவிட்டது.

ஊர் கொதித்தது. சாலையில் மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று உதவி சப் இன்ஸ்பெக்டர்கள் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள்.

ஹெல்மெட் எதற்கு? விழுந்தால் தலை உடையக் கூடாது. உயிர் போகக் கூடாது. அதற்காகத்தான் ஹெல்மெட். அதற்காகத்தான் சோதனை. உயிரைக் காக்க நடத்திய சோதனையிலேயே ஒரு உயிர் போய்விட்டது.

தமிழ்நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2018 மார்ச் 7-ம் தேதி. திருச்சி திருவெறும்பூர் அருகே ஒரு கணவனும் மனைவியும் பைக்கில் போனார்கள். ஹெல்மெட் சோதனையில் தகராறு. அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் வண்டியை எட்டி உதைத்தார். மனைவி விழுந்து இறந்தார். அன்று இரவு ஆயிரக்கணக்கான பேர் சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

இரண்டு இடத்திலும் குற்றம் என்ன? ஹெல்மெட் போடாதது. அதற்குச் சட்டம் கேட்பது அபராதம், உயிர் அல்ல.

போலீசுக்கு என்ன கட்டளை?

மண்டியா சம்பவம் நடந்த சில நாட்களில் கர்நாடகப் போலீஸ் தலைவர் எம்.ஏ. சலீம் ஒரு கட்டளை போட்டார். இவர் பெங்களூரில் பல ஆண்டுகள் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்தவர். மாநிலம் முழுவதும் உள்ள போலீசாருக்கு இந்தக் கட்டளை போனது.

கண்ணுக்குத் தெரியும் தப்பு இருந்தால்தான் வண்டியை நிறுத்த வேண்டும். சும்மா புத்தகம் பார்ப்பதற்காக ஓடும் வண்டியை மறிக்கக் கூடாது. வண்டியைத் திடீரென்று குறுக்கே பாய்ந்து நிறுத்தக் கூடாது. நெடுஞ்சாலையில் வளைந்து வளைந்து தடுப்பு வைத்து வண்டிகளைத் திணற வைக்கக் கூடாது. சாவியைப் பிடுங்கக் கூடாது. பின்னால் இருப்பவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நிற்காமல் போனால் துரத்தக் கூடாது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். கட்டளையில் முக்கியமானவை இவை.

முதல் விஷயம் புதிதல்ல. 2022 ஜூன் மாதமே அப்போதைய போலீஸ் தலைவர் பிரவீன் சூட் இதைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் தப்பு இல்லாமல், புத்தகம் பார்க்க மட்டும் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது என்றார். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு மட்டும் விதிவிலக்கு. பெங்களூர் அதிகாரிகள் உடனே இதை நடத்திக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். மூன்று வருடம் கழித்து அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. கட்டளை காகிதத்திலிருந்து தெருவுக்கு வர இவ்வளவு நாள் ஆகிறது.

கண்ணுக்குத் தெரியும் தப்பு என்றால் என்ன? ஹெல்மெட் இல்லை. ஒரே பைக்கில் மூன்று பேர். சிவப்பு விளக்கைத் தாண்டுவது. ஒருவழிப் பாதையில் எதிர்த்து வருவது. ஓட்டிக்கொண்டே போன் பேசுவது. காரில் பெல்ட் போடாதது. நம்பர் பலகை இல்லாதது. இவை எல்லாம் சாலை ஓரத்தில் நிற்பவருக்கே தெரியும். இதில் ஒன்று இருந்தால் போலீஸ் நிறுத்தலாம். நிறுத்திய பிறகு லைசென்ஸ் கேட்கலாம். கொடுக்கத்தான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "என்னை நிறுத்த உனக்கு அதிகாரம் இல்லை" என்று யாரும் கையை வீசிக்கொண்டு போய்விடக் கூடாது. சீருடையில் இருக்கும் போலீஸ் கை காட்டினால் நிற்க வேண்டும். அதுதான் சட்டம். காரணம் கேட்கலாம். நின்றபிறகு கேட்க வேண்டும்.

போலீஸ்காரர் பக்கமும் ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க வெயிலில், புகையில் நிற்கிறார். நிறுத்தச் சொன்னதற்காக அவர் மேலேயே வண்டியை ஏற்றப் பார்ப்பவர்களும் உண்டு. 2024-ல் ஷிவமொக்காவில் ஒரு கார்க்காரர், நிறுத்தச் சொன்ன போலீஸ்காரரை காரின் முன்பக்கத்தில் தொங்கவிட்டபடியே ஓட்டிப் போனார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

மறுபடி கொத்தனாரிடம்

சந்துக்குள் திருப்பப் போன கொத்தனாரின் தோளை மனைவி அழுத்திப் பிடித்தார்.

"வேண்டாங்க. லாரி வருது. ஓரமா நிறுத்துங்க. என்ன ஆயிடப் போகுது?"

கொத்தனார் இண்டிகேட்டர் போட்டார். வேகத்தைக் குறைத்தார். பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். இடது ஓரமாக, போலீஸ்காரர் கை காட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இருவரும் இறங்கி நடைபாதை ஓரம் நின்றார்கள். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொத்தனார் இங்கே சரியாகச் செய்தார். பயத்தில் சிலர் நடு ரோட்டிலேயே பிரேக் போடுகிறார்கள். பின்னால் வரும் பஸ் என்ன செய்யும்? சற்றுத் தள்ளிப் போய் நிறுத்தினாலும் ஓடிப்போகிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இண்டிகேட்டர் போட்டு, கையைக் காட்டினால் போதும்.

ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"ஹெல்மெட் எல்லி அம்மா?"

ஹெல்மெட் எங்கே என்று கேட்கிறார். பெங்களூர் போலீசாரில் பலருக்குத் தமிழ் புரியும். இருந்தாலும் நாலு வார்த்தை கன்னடம் தெரிந்து வைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும். 'காடி சைடிகே ஹாக்கி' என்றால் வண்டியை ஓரமாகப் போடுங்கள். 'லைசென்ஸ் தோர்சி' என்றால் லைசென்ஸைக் காட்டுங்கள். 'தண்ட' என்றால் அபராதம். 'ரசீதி கொடி சார்' என்றால் ரசீது கொடுங்கள் சார். நம் காதுக்குக் கொடி, செடி என்பதுபோல் கேட்கும். கன்னடத்தில் 'கொடி' என்றால் 'கொடுங்கள்'. மரியாதையான சொல்தான்.

"தப்புதான் சார். மறந்துட்டோம்" என்றார் கொத்தனார்.

போலீஸ்காரர் சாவிக்குக் கை நீட்டவில்லை. "அங்கே சாகேபர் இருக்கார். லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்.

யாருக்கு அபராதம் போடும் அதிகாரம்?

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரில் அந்த இடத்திலேயே அபராதம் போடும் அதிகாரம் உதவி சப் இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும்தான். உதவி சப் இன்ஸ்பெக்டரை ஏ.எஸ்.ஐ. என்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தோளைப் பாருங்கள். ஒரு நட்சத்திரம், சிவப்பும் நீலமும் கலந்த பட்டை இருந்தால் ஏ.எஸ்.ஐ. இரண்டு நட்சத்திரம் இருந்தால் சப் இன்ஸ்பெக்டர். மூன்று இருந்தால் இன்ஸ்பெக்டர். தோளில் நட்சத்திரம் இல்லாதவர் வண்டியை நிறுத்தலாம், அதிகாரியிடம் அழைத்துப் போகலாம். ஊர்க்காவல் படையினர் போக்குவரத்தைச் சரிசெய்ய உதவுபவர்கள். அவர்களிடம் பணம் கொடுக்கக் கூடாது. மார்பில் பெயர் பலகை இருக்கும். படித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து கன்னடமாக இருந்தால் "உங்க பேர் என்ன சார்?" என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பது தப்பில்லை.

என்னென்ன காட்ட வேண்டும்? லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. ஆட்டோ, லாரி என்றால் பெர்மிட்டும் தகுதிச் சான்றும் வேண்டும். இந்தக் காகிதங்களை எல்லாம் மழையிலும் வியர்வையிலும் நனையவிட்டுச் சுமக்க வேண்டியதில்லை. போனில் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் இருந்தால் போதும். 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. 2020 அக்டோபர் முதல் இன்னொரு திருத்தமும் வந்தது. கணினியில் பார்த்துச் சரியாக இருந்தால், காகிதம்தான் வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஆனால் ஒன்று. போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பது செல்லாது. அந்தச் செயலிக்குள் இருக்க வேண்டும். செயலியில் ஏற்றத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை.

சில சமயம் அதிகாரி லைசென்ஸை எடுத்து வைத்துக்கொள்வார். சட்டம் சொல்லும் காரணம் இருந்தால் எடுக்கலாம். எடுத்தால் அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் திரும்ப வரும் வரை அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம். சீட்டு வாங்காமல் வந்தால், லைசென்ஸ் எங்கே போனது என்று நாளைக்கு யாரைக் கேட்பது?

ரசீது

ஏ.எஸ்.ஐ. ஜீப் அருகே நின்றார். கையில் ஒரு சின்ன மெஷின். சட்டையில் ஒரு கேமரா. கொத்தனாரின் லைசென்ஸைப் பார்த்தார்.

"பின்னால இருக்கிறவங்களுக்கும் ஹெல்மெட் வேணும். தெரியாதா?"

"தெரியும் சார். வேலைக்கு நேரமாச்சு."

"ஐந்நூறு ரூபா."

கொத்தனார் முகம் வாடியது. ஐந்நூறு ரூபாய் சித்தாளின் ஒரு நாள் உழைப்பில் பெரும் பகுதி. பெங்களூரில் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது 2016 ஜனவரியில் வந்தது. 2019 செப்டம்பர் 1-ம் தேதி புதிய மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வந்தபோது ஹெல்மெட் இல்லாததற்கு 1000 ரூபாய் என்று ஆனது. மக்கள் கூச்சல் போட்டார்கள். அதே மாதம் கர்நாடக அரசு அதை 500 ஆகக் குறைத்தது.

கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "சார், இருநூறு இருக்கு. ரசீது வேண்டாம் சார்."

பல பேர் செய்யும் தப்பு இதுதான். முன்னூறு ரூபாய் லாபம் என்று நினைக்கிறோம். 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி லஞ்சம் வாங்குவதுபோல் கொடுப்பதும் குற்றம். போலீஸ் மிரட்டி, கட்டாயப்படுத்தி வாங்கினார் என்றால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அப்போது அவர் மேல் குற்றம் இல்லை. கர்நாடகத்தில் லோக் ஆயுக்தாவில் புகார் கொடுக்கலாம். நாமே இருநூறை நீட்டினால் எங்கே போய்ப் புகார் சொல்வது?

ஏ.எஸ்.ஐ. தலையை ஆட்டினார். "கேமரா ஓடுது. இப்பப் பணம் இல்லைன்னா அப்புறம் கட்டுங்க. சலான் போட்டுத் தர்றேன்."

உண்மைதான். அந்த இடத்திலேயே கட்டித்தான் தீர வேண்டும் என்பதில்லை. சலானை வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாம். போக்குவரத்துப் போலீஸ் நிலையத்தில் கட்டலாம். 'பெங்களூர் ஒன்' மையத்தில் கட்டலாம். போன் மூலமும் கட்டலாம். தப்பே செய்யவில்லை என்று நினைத்தால் கட்டாமல், நீதிமன்றத்தில் போய்ச் சொல்லலாம். சாலையில் நின்று அதிகாரியோடு கத்துவதால் வழக்கு தீராது. சட்டையைப் பிடித்தால் புது வழக்குத்தான் வரும்.

மெஷினிலிருந்து ஒரு சீட்டு வந்தது. கொத்தனார் மடித்துப் பையில் போடப் போனார்.

"கொடுங்க, படிச்சுப் பார்க்கறேன்" என்றார் மனைவி.

அவர் ஒரு வருடமாக மாலை வகுப்புக்குப் போகிறார். சீட்டில் பாதி எழுத்து தமிழ் இல்லை. ஆனால் எண்கள் எல்லோருக்கும் பொது. விரலை வைத்து மெதுவாகப் பார்த்தார். தேதி சரி. நேரம் சரி. தொகை 500, சரி. வண்டி எண்ணுக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்பி மொபெட்டைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"சார், கடைசியில 4. இதுல 9 போட்டிருக்கு."

ஏ.எஸ்.ஐ. மொபெட் அருகே போய்ப் பார்த்தார். நம்பர் பலகையில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. துடைத்தார்.

"ஹௌது. நாலுதான்" என்றார். பழைய சீட்டை வாங்கிக்கொண்டு எண்ணைச் சரிசெய்தார். "நம்பர் பலகையைக் கழுவுங்க" என்று கொத்தனாரிடம் சொன்னார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "நல்லா படிக்கிறீங்க" என்றார்.

பார்க்காமல் மடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொத்தனார் கட்டும் பணம் யாரோ ஒருவர் வண்டிக் கணக்கில் போயிருக்கும். அந்த யாரோ ஒருவர் செய்யாத தப்புக்கு அலைந்திருப்பார்.

இரவு நேரச் சோதனை

பெங்களூரில் இரவில், அதிலும் வாரக் கடைசியில், குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று சோதிப்பார்கள். தப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இதற்கு நிறுத்தலாம். ஒரு மெஷினில் ஊதச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் புதுக் குழல் போட வேண்டும். போடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். இதற்கு நீதிமன்றம் போக வேண்டும். முதல் தடவை என்றால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். "கொஞ்சம்தான் சார் குடிச்சேன்" என்று சொல்லிப் பயனில்லை. மெஷினுக்கு அது புரியாது.

ஆளில்லாமல் வரும் அபராதம்

இப்போது போலீஸ் நிறுத்தாமலே அபராதம் வருகிறது. 2022 டிசம்பரில் பெங்களூரின் 50 சந்திப்புகளில் நவீன கேமராக்கள் வைத்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் கேமரா வண்டி எண்ணோடு படம் பிடிக்கும். போனுக்குத் தகவல் வரும்.

யார் போனுக்கு? ஆர்.சி.யில் யார் எண் இருக்கிறதோ அவர் போனுக்கு. பழைய வண்டி வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சிவாஜி நகரிலோ வேறு எங்கோ கைமாற்றாக வாங்குகிறோம். பேர் மாற்றுவதில்லை. தகவல் எல்லாம் பழைய சொந்தக்காரருக்குப் போகிறது. ஒருநாள் போலீஸ் நிறுத்தி மெஷினில் எண்ணைத் தட்டும்போதுதான் பழைய பாக்கி எல்லாம் தெரிகிறது. சில வண்டிகளுக்கு வண்டியின் விலையைவிட அபராதம் அதிகம்! வண்டி வாங்கும் முன்பே எண்ணைப் போட்டுப் பாக்கி பாருங்கள். வாங்கியதும் பேர் மாற்றுங்கள்.

பாக்கி மலைபோல் சேர்ந்ததால் 2023 பிப்ரவரி 3 முதல் 11 வரை பாதித் தொகை கட்டினால் போதும் என்று அரசு சலுகை கொடுத்தது. அந்தச் சில நாளில் பெங்களூரில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூல் ஆனது. நிலையங்களில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். 2025 ஆகஸ்டிலும் இப்படி ஒரு சலுகை வந்தது. அடுத்த சலுகை வரட்டும் என்று காத்திருந்து கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஏமாற்றுக்காரர்களும் நுழைந்துவிட்டார்கள். "உங்கள் வண்டிக்கு அபராதம். இதைத் தொட்டுப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். தொட்டால் வங்கிப் பணம் போய்விடும். பலருக்குப் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் வருவதைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போய் வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

போலீஸ் தப்பு செய்தால்?

அடித்தாலோ, கெட்ட வார்த்தை சொன்னாலோ, சாவியைப் பறித்தாலோ என்ன செய்வது? அந்த இடத்தில் கை நீட்டாதீர்கள். அதிகாரியின் பெயர், இடம், நேரம், பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். நாலு வரி போதும். எழுதத் தெரிந்ததன் பலன் இங்கேதான் தெரியும். அந்தத் தாளோடு இன்பென்ட்ரி சாலையில் உள்ள போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தமிழில் எழுதியதைக் கன்னடத்தில் எழுதித் தர ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் சட்டையில் கேமரா இருந்தால், அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்லி மனுவில் ஒரு வரி சேருங்கள்.

மண்டியாபோல் அவசரமாக ஆஸ்பத்திரி போகிறீர்களா? நின்று, முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். 'ஆஸ்பத்ரே' என்று சொல்லி நோயாளியைக் காட்டினால் போதும். நல்ல அதிகாரி வழிவிடுவார், வழியும் காட்டுவார். 112-க்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம்.

அன்று மாலை வகுப்புக்கு அந்த அம்மா சலானைக் கொண்டுபோனார். எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்கார அண்ணன் தன் சட்டைப் பையில் கை விட்டார். மடித்துக் கசங்கிய ஐந்து சீட்டுகளை எடுத்து வைத்தார்.

"இதையும் படிச்சுச் சொல்லு தங்கச்சி. ஒரு வருஷமா வெச்சிருக்கேன். என்னன்னு தெரியல."

அன்றைய பாடம் அந்த ஐந்து சீட்டுகள்தான்.

வகுப்பில் பேசுங்கள்

உங்களையோ உங்கள் வீட்டாரையோ போலீஸ் நிறுத்தியது உண்டா? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?

மண்டியாவில் அந்த வண்டியை வேறு எப்படிச் சோதித்திருக்கலாம்?

கொத்தனார் சந்துக்குள் திருப்பியிருந்தால், தண்ணீர் லாரி ஓட்டுநர் என்ன செய்திருப்பார்?

உங்கள் வீட்டில் ஏதாவது சலானோ ரசீதோ இருந்தால் நாளை கொண்டு வாருங்கள். அதில் தேதி, வண்டி எண், தொகை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள்.